கொட்டான் முடையும் மகளுக்கு



அமராவதிபுதூரிலிருந்து நீ அனுப்பிய பனையோலைக் கொட்டான்களும் விலைச்சீட்டும் வந்து சேர்ந்தன. சீட்டில் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்பது பெரிய எழுத்தில் இருக்கிறது. கொட்டானுக்குள் என்ன கொள்ளும் என்பது எங்குமே இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பூமியைக் காக்க வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பவர் யாருமில்லை. காசை எடுக்கும்போது கணக்கு வேறு. 2019-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ ஒரு கருத்துக்கணிப்பை எடுத்துக்காட்டியது. சூழலுக்கு உகந்த பொருள்களை வாங்க விருப்பம் என்றவர்கள் 65 சதவீதம். வாங்குகிறவர்கள் 26 சதவீதம்தான். மற்றவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. விலை கட்டுமா, பொருள் உழைக்குமா என்ற தயக்கம்தான் கையைப் பிடித்திழுக்கிறது. அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பது உன் வேலை.

நம் பக்கத்தில் கொட்டான் இத்தனை காலம் எதனால் வாழ்ந்தது? ஆச்சிமார் கல்யாணத்துக்கும் சீருக்கும் அதை முடைந்தார்கள். அழகுக்காகவும் வீட்டின் மதிப்புக்காகவும் முடைந்தார்கள். ஓலை மண்ணோடு மக்கும் என்பதை யாரும் பெருமையாகப் பேசியதில்லை. பிளாஸ்டிக் வந்ததும் அந்தக் கைகள் ஓய்ந்தன. பிறகு விசாலாட்சி ராமசாமி நிறுவிய எம்.ஆர்எம்.ஆர்எம். அறக்கட்டளை இங்குள்ள பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. புவிசார் குறியீடும் கிடைத்தது. மீண்டும் வாங்க வந்தவர்களும் முதலில் மயங்கியது அந்தப் பின்னலிலும் நிறத்திலும்தான் என்பது என் எண்ணம்.

ஊரார் செய்வதைப் பார்த்துச் செய்வதும் மனித இயல்பு. அமெரிக்க ஓட்டல் ஒன்றில் நடந்த சோதனையை 2008-இல் வெளியிட்டார்கள். சூழலைக் காக்கத் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று எழுதியபோது 35 சதவீதத்தினர் கேட்டார்கள். பெரும்பாலான விருந்தினர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்று எழுதியபோது 44 சதவீதத்தினர். ஆகவே கடைத் தட்டைவிடக் கல்யாணப் பந்தல் உனக்கு நல்ல இடம். தாம்பூலம் கொட்டானில் வந்தால், வாங்கிப்போகிற பெண் தன் வீட்டு விசேஷத்துக்கு விலை விசாரிப்பாள். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. கல்யாண வீட்டுக்காரர்களிடம் பேச்சைத் தொடங்க அதுவும் உதவும்.

இனி உன் கொட்டானுக்கு வருகிறேன். அடிச் சதுரம் இறுக்கமாக இருக்கிறது, நல்ல கை. ஆனால் விளிம்பில் ஓர் ஓலை நுனி மடங்காமல் நின்று என் விரலைக் கீறியது. இப்படி ஒன்று பட்டுப்புடவையில் மாட்டினால் அந்த வீட்டில் இரண்டாம் முறை உன்னைக் கேட்கமாட்டார்கள். சிவப்புச் சாயமும் ஈரக் கையில் ஒட்டுகிறது. கடையில் வாங்கிய சாயப்பொடி என்றால் 'முழுக்க இயற்கை' என்ற வரியை இன்றே எடுத்துவிடு. ஆதாரமில்லாத பசுமை விளம்பரத்துக்கு எதிராக 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகளே வெளியிட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்வேன்: நம்பி வாங்கியவரை ஏமாற்றக்கூடாது.

தை முகூர்த்தங்களுக்கு முன்பே விளிம்பைத் திருத்தி, சாயம் போகாமல் காய்ச்சி, புதுச் சீட்டோடு இரண்டு கொட்டான் அனுப்பு. அளவையும் விலையையும் முதல் வரியில் எழுது.