பருத்தியும் உரமும் படைக்கலமான கதை
(1914–18 மகாயுத்தத்தின் காரணங்களும் விளைவுகளும்)

நூல் விலை ஏறினால் நெசவாளி முதலில் அறிகிறான். உரத்தின் விலை ஏறினால் குடியானவன் முதலில் அறிகிறான். அந்த ஏற்றத்தின் காரணம் பல சமயங்களில் கடலுக்கு அப்பால் நிகழும் யுத்தமாக இருக்கக் காண்கிறோம். 1914-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் மூண்டு 1918-இல் ஓய்ந்த மகாயுத்தம் இதற்குத் தக்க சான்றாகும். அந்த யுத்தம் ஏன் மூண்டது, எவ்வாறு நான்காண்டு நீடித்தது, முடிந்தபின் எழுதிய கணக்கு எவ்வாறு அடுத்த யுத்தத்திற்கு வழிகோலியது என்பவற்றை இப்பாடத்தில் முறையாக ஆராய்வோம்.

1. மூண்ட விதம்

1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் மனைவியும் போஸ்னியாவிலுள்ள சரயேவோ நகரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவன் காவ்ரிலோ பிரின்சிப் என்னும் பத்தொன்பது வயது இளைஞன். இக்கொலை தீக்குச்சி மட்டுமே. வைக்கோற்போரோ பல்லாண்டுகளுக்கு முன்பே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

1871-இல் அல்சாஸ் நிலப்பகுதியையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனியிடம் இழந்த பிரான்ஸ் அதனை மறக்கவில்லை. குடியேற்ற நாடுகளைப் பங்கிடுவதில் வல்லரசுகளுக்குள் பூசல் இருந்தது. மொராக்கோவைக் குறித்து 1905-இலும் 1911-இலும் யுத்தம் மூளும் நிலை ஏற்பட்டது. பிரிட்டன் 1906-இல் ‘டிரெட்நாட்’ என்னும் பெரும் போர்க்கப்பலை மிதக்கவிட்டபின், அதனோடு போட்டியிட்டு ஜெர்மனியும் கப்பல்களைக் கட்டிக் குவித்தது. பால்கன் நாடுகளில் செல்வாக்குப் பெற ஆஸ்திரியாவும் ருஷ்யாவும் போட்டியிட்டன.

இவற்றோடு ஒப்பந்தச் சங்கிலியும் சேர்ந்தது. ஜெர்மனி, ஆஸ்திரிய-ஹங்கேரி, இத்தாலி ஆகிய மூன்றும் 1882-இல் கூடின. பிரான்சும் ருஷ்யாவும் 1894-இல் கைகோத்தன; பிரிட்டன் 1904-இல் பிரான்சோடும் 1907-இல் ருஷ்யாவோடும் இணக்கம் கண்டது. ஒருவர் கடனுக்கு மற்றவர் ஜாமீன் நிற்பதை நாம் அறிவோம். ஜாமீன் நிற்பவர், கடன் எதற்கு என்று கேட்டறிந்த பின்னரே கையெழுத்திடுவார். 1914 ஜூலை முதல் வாரத்தில் ஜெர்மனி அவ்வாறு கேட்கவில்லை. செர்பியாவைத் தண்டிக்க ஆஸ்திரியா எது செய்தாலும் துணை நிற்பதாக வாக்களித்தது. தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிட்டதற்கு ஒப்பான செயல் இது என்பர் வரலாற்றாசிரியர்.

ஜூலை 28-இல் ஆஸ்திரியா செர்பியாமீது போர் தொடுத்தது. செர்பியாவுக்கு ஆதரவாக ருஷ்யா படை திரட்டியது. ஜெர்மனி ஆகஸ்டு 1-இல் ருஷ்யாமீதும், 3-இல் பிரான்சின்மீதும் போர் அறிவித்தது. பிரான்சை விரைவில் வீழ்த்திவிட்டு ருஷ்யாவின் பக்கம் திரும்புவது அதன் திட்டம். அதற்காக நடுநிலை நாடாகிய பெல்ஜியத்தினுள் 4-ஆம் நாள் அதன் படை புகுந்தது. அன்றே பிரிட்டனும் களத்தில் இறங்கியது. ஒரு வாரத்தில் ஐந்து வல்லரசுகள் யுத்தத்தில் சிக்கின.

2. ஆலைகள் நடத்திய யுத்தம்

சில மாதங்களில் முடியும் என்று எல்லோரும் எண்ணினர். ஆயினும் சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல்வரை பதுங்கு குழிகள் நீண்டன. இரு திறத்தாரும் அவற்றில் முடங்கினர். 1916-இல் பிரான்சின் சொம் நதிப் பகுதியில் பிரிட்டிஷ் படை ஒரு வாரத்தில் 15 லட்சம் குண்டுகளைப் பொழிந்தது. அதன்பின் ஜூலை 1 அன்று முன்னேறிய அப்படையில் அந்த ஒரே நாளில் 19,240 பேர் மாண்டனர்.

இத்தனை குண்டுகளுக்கும் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் தொழில்கள் இரண்டும் வருகின்றன. குண்டைப் பீரங்கியிலிருந்து உந்தித் தள்ளும் மருந்து, பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் தோய்த்துச் செய்யப்பட்டது. எனவே பிரிட்டன் 1915 ஆகஸ்டில் பருத்தியையும் போர்த்தளவாடமாக அறிவித்து, அது ஜெர்மனிக்குச் செல்லாதவாறு கடலில் தடுத்தது. ஜெர்மானியர் மருந்துக்கு மரக்கூழைப் பயன்படுத்தினர். துணிக்கோ, காகிதத்தை நாடாவாக வெட்டி முறுக்கி நூலாக்கி நெய்தனர்.

அமிலத்திற்கு வேண்டிய தழைச்சத்து, யுத்தத்திற்கு முன் பெரும்பாலும் சிலி நாட்டு வெடியுப்பிலிருந்து கிடைத்தது. வயலுக்கு உரமும் அதுவே. அவ்வழியும் அடைபட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அமோனியா செய்யும் முறையை பிரிட்ஸ் ஹேபர் கண்டறிந்திருந்தார். கார்ல் போஷ் அதனை ஆலைத் தொழிலாக்கி, 1913-இல் ஓப்பாவ் என்னுமிடத்தில் உற்பத்தி தொடங்கியிருந்தது. பயிருக்கென எழுந்த அந்த ஆலையின் விளைபொருள் வெடிமருந்துக்குத் திருப்பப்பட்டது. அதனால் யுத்தம் நீண்டது, வயல் மெலிந்தது. உழவரும் குதிரைகளும் போர்முனைக்குச் சென்றுவிட, 1916-இல் உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்த்தது. அந்தக் குளிர்காலத்தில் மாட்டுத் தீவனமான டர்னிப் வகைக் கிழங்கை மக்கள் உண்டனர். ‘டர்னிப் குளிர்காலம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

சாய ஆலைகளும் தப்பவில்லை. 1897 முதல் செயற்கை நீலச் சாயத்தை உலகெங்கும் அனுப்பிய ஜெர்மன் சாயத் தொழிலில் குளோரினும் கையாளப்பட்டது. 1915 ஏப்ரல் 22-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கருகே அந்நச்சுவாயு எதிரிப் படைமீது திறந்துவிடப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஹேபரே. அமோனியாவுக்காக 1918-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பெற்றவரும் அவரே.

3. நம் நாட்டில் எட்டிய அலை

1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்னும் ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. அப்பெயர் நம் பேச்சுவழக்கில் இன்றும் வாழ்கிறது. பத்து லட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். எழுபதாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜெர்மன் சாயம் நின்றது. சீமை நூலின் வரவு குறைந்தது. தானியமும் துணியும் விலையேறின. 1918-இல் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் மக்கள் கடைகளைச் சூறையாடும் அளவுக்கு நிலைமை முற்றியது.

4. சமாதானமும் கடன் பத்திரமும்

1918 நவம்பர் 11-இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஏறத்தாழ 90 லட்சம் போர்வீரர் மடிந்திருந்தனர். ஜெர்மன், ஆஸ்திரிய-ஹங்கேரிய, ருஷ்ய, துருக்கிய முடியரசுகள் நான்கும் சரிந்தன. ஆஸ்திரியப் பேரரசு சிதறியபோது, நூற்கும் ஆலைகள் ஒரு நாட்டிலும் நெய்யும் ஆலைகள் வேறு நாட்டிலுமாகப் பிரிந்து, நடுவே சுங்கச்சாவடிகள் எழுந்தன.

1919 ஜூன் 28-இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரான்சின் வடபகுதியில் வயல்களும் சுரங்கங்களும் நெசவாலைகளும் பாழாகிக் கிடந்தன. அவற்றிற்கு ஈடு கேட்டது நியாயமே. ஆனால் எவ்வளவு, எவ்வாறு என்பதே வினா. 1921-இல் 13,200 கோடி தங்க மார்க் என்று தொகை விதிக்கப்பட்டது. இதற்கு முன்பே ஜெர்மனியின் வணிகக் கப்பல்களில் பெரும்பகுதியும் சார் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களும் லொரேனின் இரும்புத் தாதும் அதன் கையை விட்டுப் போயிருந்தன. சம்பாதிக்கும் கருவியைப் பறித்துவிட்டுக் கடனைக் கேட்பது பயன் தராது என்று ஜான் மேனார்டு கெயின்ஸ் என்னும் பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் 1919-லேயே எச்சரித்து நூல் எழுதினார்.

ஜெர்மனியின் குற்றமும் உண்டு. வரி விதித்து யுத்தம் நடத்தாமல், தோற்றவரிடம் வசூலித்து அடைக்கலாம் என்று எண்ணி அது கடன்மேல் கடன் வாங்கியிருந்தது. பிற்பாடு நோட்டடித்துச் சமாளித்தது. தவணை தவறியதென்று 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதியைக் கைப்பற்றின. தொழிலாளர் வேலை நிறுத்தினர். அரசு நோட்டடித்து அவர்களுக்குக் கூலி கொடுத்தது. யுத்தத்திற்கு முன் டாலருக்கு 4.2 மார்க், 1923 நவம்பரில் 4,20,000 கோடி மார்க். சிறுகச் சிறுகச் சேமித்தவர் அனைத்தையும் இழந்தனர்.

1924-இல் புது ஏற்பாடு வந்தது. அமெரிக்கர் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தனர். ஜெர்மனி அதிலிருந்து பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் கட்டியது. அவை அமெரிக்காவுக்குத் தம் யுத்தக் கடனைக் கட்டின. ஒருவரிடம் வாங்கி மற்றவருக்குக் கொடுக்கும் இவ்விதக் குடும்பத்தின் கதி என்னவென்று நாம் அறிவோம். 1929-இல் அமெரிக்கச் சந்தை விழுந்ததும் சக்கரம் நின்றது. ஜெர்மனியில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வேலையிழந்தனர். 1932-இல் ஈட்டுத்தொகை வசூல் கைவிடப்பட்டது, காலம் கடந்துவிட்டது. 1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1939-இல் மீண்டும் யுத்தம். ஈட்டுத்தொகைக்காக விற்ற கடன் பத்திரங்களின் கடைசித் தவணையை ஜெர்மனி செலுத்தி முடித்தது 2010 அக்டோபர் 3-ஆம் நாள்தான்.

5. நாம் கொள்ளத்தக்கது

கைத்தொழிலாளியின் கருவிகளையும் உழவனின் ஏரையும் உழவு மாட்டையும் ஜப்தி செய்யலாகாது என்பது நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் விதி. இது கடனாளிக்குக் காட்டும் தயவு மட்டுமன்று; தறி ஓடினால்தான் கடன் திரும்பும் என்னும் கணக்கறிவுமாகும். தனி மனிதரிடத்தில் ஒப்புக்கொண்ட இந்நீதியை நாடுகளிடத்தில் அக்கால அரசுகள் கைக்கொள்ளவில்லை. யோசியாது ஜாமீன் நின்றதில் யுத்தம் தொடங்கிற்று. தறியை ஜப்தி செய்ததில் சமாதானம் கெட்டது.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. சரயேவோ கொலை நிகழாதிருந்தால் யுத்தம் தவிர்ந்திருக்குமா?
2. தழைச்சத்து வயலுக்கும் படைக்கும் ஒருங்கே தேவைப்பட்டபோது ஜெர்மன் உழவனுக்கு நேர்ந்தது என்ன?
3. பிரான்சின் நஷ்டத்திற்கு ஈடும் கிடைக்க வேண்டும், ஜெர்மனியின் தொழிலும் நடக்க வேண்டும் எனில், நீங்கள் எவ்வாறு தவணை அமைத்திருப்பீர்கள்?