பூனைக்கு வாங்கும் தீனி

சென்னையில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வளர்க்கும் இரண்டு பூனைகளுக்கும் கடையில் பாக்கெட்டில் விற்கும் தீனியையே போடுகிறாராம். அதில் பன்றிக் கொழுப்போ, முறைப்படி அறுக்கப்படாத மாமிசமோ இருந்தால் கொடுக்கலாமா என்பது அவருடைய வினா. வேறு சிலரும் இதை நம்மிடம் கேட்டதுண்டு. ஆனால் அத்தீனி பூனைக்குக் கேடு செய்யுமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்ட வினாவுக்குச் சுருக்கமாக விடை கூறிவிட்டு, கேட்காத வினாவுக்குச் செல்வோம்.

ஹலால், ஹராம் என்னும் கட்டளை பூனைக்கு இல்லை, நமக்கே உள்ளது. செத்ததை நாய்க்கும் பறவைக்கும் உண்ணக் கொடுப்பதும், நஜீஸ் பட்ட உணவைக் கால்நடைகளுக்குப் போடுவதும் கூடும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மஜ்மூஉ' என்னும் கிதாபில் கூறியுள்ளார்கள். ஆயினும் ஷாபிஈ மத்ஹபில் நஜீஸான பொருளை விற்பதும் வாங்குவதும் செல்லாது. ஆதலின் பன்றி கலந்ததென்று தெரிந்ததை வாங்க வேண்டாம். மீனில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மேலே மீன் என்று பெரிதாக எழுதி உள்ளே வேறு மாமிசமும் சேர்த்திருப்பார்கள். பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள பட்டியலைப் படிக்க வேண்டும்.

இனி மற்றதைப் பார்ப்போம்.

2007-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று, தான் தயாரித்த 6 கோடிக்கும் அதிகமான தீனி டப்பாக்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றைத் தின்ற பூனைகளும் நாய்களும் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறுநீரகம் கெட்டு இறந்து கொண்டிருந்தன. அந்த ஒரு கம்பெனியின் சரக்கு ஏறத்தாழ 100 வெவ்வேறு பெயர்களில் விற்கப்பட்டு வந்தது! விலை உயர்ந்ததை வாங்கியவரும் மலிவானதை வாங்கியவரும் ஒரே கம்பெனி சமைத்ததையே வாங்கியிருந்தனர்.

உள்ளே இருந்தது மெலமின். நம் வீடுகளில் விருந்துக்கு எடுத்து வைக்கும் மெலமின் தட்டு இதனால்தான் செய்யப்படுகிறது. தட்டுச் சாமான் தீனிக்குள் எப்படி வந்தது? தீனியைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கோதுமைப் புரதம் சீனாவிலிருந்து வந்தது. புரதத்தைச் சோதிப்பவர்கள் அதை நேரே அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, இவ்வளவு நைட்ரஜன் என்றால் இவ்வளவு புரதம் என்று கணக்கிடுவார்கள். புரதத்தில் நைட்ரஜன் சுமார் 16 சதவிகிதம். மெலமினிலோ மூன்றில் இரண்டு பங்கு. எனவே வெறும் மாவில் சிறிது மெலமினைத் தூவினால், தாளில் அது உயர்ந்த புரதமாகி விடும். கூடவே சயனூரிக் அமிலம் என்ற ஒன்றும் இருந்தது. தனித்தனியே அவ்வளவாகக் கெடுதல் செய்யாத இவ்விரண்டும் ஒன்று சேர்ந்து, சிறுநீரகத்தில் படிகங்களாக உறைந்து அடைத்துக் கொண்டன.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டு, விரல்களில் ஈரம் பட்டபோது, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டதை நாம் அறிவோம். மோசடி செய்பவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்ததும் அவ்விடத்தில்தான். அந்த வியாபாரியின் ஈரத்தைக் கை கண்டு கொண்டது. மெலமினைக் கையும் காணாது, நாவும் காணாது. சோதனைச் சாலையே ஏமாந்தது.

பூனை செத்ததற்கு இவ்வளவு பேச்சா என்று யாரும் நினைக்க வேண்டாம். மறு ஆண்டு, 2008-இல், சீனாவில் பால் மாவில் இதே தந்திரம் வெளிப்பட்டது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. 6 குழந்தைகள் மாண்டன.

எல்லாக் கேடும் மோசடியால் வருவதன்று, அறியாமையாலும் வரும். பூனையின் இதயத்துக்கு டாரின் என்னும் சத்து கட்டாயம் தேவை. கடைத் தீனியில் அது போதாமையால் பூனைகள் இதயம் பெருத்துச் சாகின்றன என்பது 1987-இல்தான் அமெரிக்க ஆய்வில் தெளிவாயிற்று. அதன் பின்னரே கம்பெனிகள் அதைக் கூட்டின. அதுவரை எத்தனை வீடுகளில் அன்போடு ஊட்டியே பூனையைப் பறிகொடுத்தார்களோ, அல்லாஹ்வே அறிவான். அறியாமல் கொடுத்தவர்மீது குற்றமில்லை. தெரிந்து கலந்தவன்மீதே அது சாரும்.

பூனையைக் கட்டி வைத்து, உணவும் தராமல், பூச்சி புழுக்களைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் பிரசித்தமானது. தெருப் பூனை ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறொன்றைத் தேடிப் போகும். நான்காம் மாடியில் கதவு சாத்திய வீட்டுப் பூனைக்கு நாம் கிண்ணத்தில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அடைத்து வைத்தவர் என்ன போடுகிறோம் என்று பார்த்தாக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, பாக்கெட்டே வேண்டாம், மிச்சமான பிரியாணியைப் போடுவோம் என்று சிலர் கிளம்பக் கூடும். அதுவும் ஆபத்தே. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. நம் சமையலில் அவையில்லாத ஆணம் ஏது?

சகோதரி தீனியை டப்பாவில் கொட்டிவிட்டுப் பையை எறிந்து விடுகிறாராம். தீரும் வரை அதை வைத்திருக்கட்டும். கம்பெனி திரும்பப் பெறும்போது அதிலுள்ள தொகுதி எண்ணைக் கொண்டே அறிவிக்கும். மூட்டையைத் திறந்து வைத்துச் சில்லறையாக அளந்து விற்பதை வாங்க வேண்டாம். 2020-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் 100-க்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது, தீனியில் சேர்ந்த சோளத்துப் பூசண நஞ்சு. ஈரக் காற்றுள்ள நம் ஊரில் திறந்த மூட்டையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! பூனை திடீரெனத் தீனியை வெறுத்தாலோ, வாந்தியெடுத்தாலோ, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, அத்தீனியை உடனே நிறுத்திவிட்டு, பையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.