இரண்டாம் வட்டில் கணினி விளையாட்டு

விடுதியில் மாணவர் நால்வர் கூடினால் பேச்சு தேர்வில் தொடங்கிக் கணினி விளையாட்டில் முடிவது இந்நாளில் இயல்பாகிவிட்டது. தேர்வைப் பற்றி எழுத ஆசிரியப் பெருமக்கள் இருக்கின்றனர். விளையாட்டைக் கணினியின் இரண்டாம் வட்டில் நிறுவும்போது நேரும் இடர்களைப் பற்றி, முதுகலை இயற்பியல் பயிலும் நான் எழுத முன்வந்துள்ளேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடிச் சித்தூரில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. சித்தூரில் என் தம்பியும் அவன் தோழர்களும், திருப்பதியில் விடுதி நண்பர்களும் இவ்வையங்களை என்னிடம் பலமுறை கேட்டுள்ளனர். அவர்களுக்குக் கூறியவற்றையே ஈண்டு ஒழுங்குபடுத்தித் தருகின்றேன்.

இடர் எதுவாயினும் சுற்றி நிற்போர் கூறும் மருந்து ஒன்றே: “ஃபார்மட் அடி!” தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை தரும் மருத்துவரை நாம் நம்புவதில்லை. வட்டிற்கு மட்டும் அத்தகைய மருத்துவம் ஏன்? பெரும்பாலான இடர்களுக்கு வட்டை அழிக்க வேண்டியதில்லை என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாம் வட்டு எது?

1983இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.டி. என்னும் கணினியின் வட்டு 10 மெகாபைட் கொள்ளும். 2023இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 என்னும் விளையாட்டு ஒன்றே 150 ஜிகாபைட் இடம் கேட்கின்றது. அந்தப் பழைய வட்டுகள் 15,000 சேர்ந்தால்தான் இந்த ஒரு விளையாட்டு அடங்கும். நம்மிற் பலருடைய மடிக்கணினியில் உள்ள வட்டோ 256 ஜிகாபைட். அதில் விண்டோசும் பாடக்குறிப்புகளும் போக எஞ்சுவது சிறிதே. ஆகவே பழைய கணினியினின்று கழற்றிய வட்டையோ, யு.எஸ்.பி. வடத்தில் இணையும் வட்டையோ நாடுகின்றோம்.

ஏ, பி என்னும் எழுத்துகள் அந்நாளைய நெகிழ்வட்டுகளுக்கு உரியனவாயிருந்தமையால், முதல் வட்டுக்குச் சி என்னும் எழுத்து அமைந்தது. அடுத்தது டி. ஆனால் டி என்று தோன்றுவதெல்லாம் இரண்டாம் வட்டு அன்று. ஒரே வட்டை இரு பகுதிகளாகப் பிரித்தாலும் சி, டி என்றே தோன்றும். ஒரே வீட்டின் நடுவே சுவர் எழுப்பினால் அறைதான் இரண்டாகும். கூரை இடிந்தால் இரண்டுமே போகும். விண்டோசில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்னும் பகுதியைத் திறந்தால், எத்தனை வட்டுகள், எத்தனை பகுதிகள் என்பது படமாகத் தெரியும். எந்த வேலைக்கும் முன் அதைப் பார்த்தல் நன்று.

500 ஜிகாபைட் என்று வாங்கிய வட்டு 465 என்று காட்டினால் கடைக்காரரை ஐயுற வேண்டா. செய்தவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகின்றார். விண்டோஸ் 1,024ஆல் வகுக்கின்றது. வேறுபாடு கணக்கில் உள்ளது, வட்டில் இல்லை.

இடம் இருந்தும் எழுதவில்லை

சித்தூரில் என் தம்பி விளையாட்டொன்றைத் தன் யு.எஸ்.பி. வட்டில் இறக்கினான். 200 ஜிகாபைட் வெற்றிடம் இருந்தும், எழுத இயலவில்லை என்று கணினி நின்றுவிட்டது. வட்டு கெட்டுவிட்டது என்றனர் தோழர்கள். காரணம் வேறு. அவ்வட்டு ஃபேட் 32 என்னும் கோப்பு முறையில் அமைந்தது. அம்முறையில் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 இருமக் குறிகளே உண்டு. ஆகவே ஒரு தனிக்கோப்பு 4,29,49,67,295 பைட்டுகளுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 4 ஜிகாபைட்டுக்கு மேல், வளர இயலாது. இக்காலத்து விளையாட்டுகளிலோ அதனினும் பெரிய கோப்புகள் பல.

இதற்கும் அழிப்பு வேண்டுவதில்லை. வட்டில் உள்ளதற்கு முதலில் படியெடுத்துக்கொண்டு, விண்டோசின் கட்டளைச் சாளரத்தில் ‘கன்வர்ட்’ என்னும் கட்டளையைக் கொடுத்தால், இருக்கும் கோப்புகள் இருந்தவாறே இருக்க, வட்டு என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாறும். எக்ஸ்ஃபேட் முறையில் உள்ள வட்டுக்கு மட்டும் இக்கட்டளை உதவாது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் செயலியோ என்.டி.எஃப்.எஸ். வட்டில் மட்டுமே விளையாட்டுகளை நிறுவும்.

இன்னொரு வகையும் உண்டு. டியில் இடம் நிரம்ப இருக்கும்; நிறுவும் செயலியோ இடம் போதாது என்னும். சுருக்கிக் கட்டிய கோப்புகளைப் பிரித்துப் பரப்பும் வேலையைப் பல செயலிகள் சி வட்டின் தற்காலிகக் கோப்புறையில் செய்கின்றன. விளையாட்டுக்கு வேண்டிய துணை நிரல்களும், நாம் ஆடிச் சேர்த்த நிலைகளும் பெரும்பாலும் சியிலேயே தங்குகின்றன. நாம் திருப்பதி விடுதியில் இருந்தாலும், குடும்ப அட்டையில் பெயர் சித்தூரில் இருப்பது போன்றதே இது. ஆகவே சியிலும் சிறிது இடம் விட்டு வைத்தல் வேண்டும்.

உரிமை மறுப்பு

பழைய கணினியினின்று எடுத்த வட்டில் ஒரு கோப்புறையைத் திறந்தால் “அனுமதி இல்லை” என்று வருவதுண்டு. பழைய விண்டோஸ் தன் பயனருக்கு வழங்கிய உரிமை அவ்வட்டிலேயே பதிந்திருக்கின்றது. புதிய கணினிக்கு நாம் அயலார். கோப்புறையின் பண்புகளில் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குச் சென்று, உரிமையாளராக நம் பெயரை அமைத்தால் வழி திறக்கும். விளையாட்டுக்கெனப் புதிய கோப்புறை ஒன்றை நாமே ஆக்கிக்கொள்வது அதனினும் எளிது.

முகவரி மாற்றம்

நேற்று வரை ஓடிய விளையாட்டு இன்று காணவில்லை என்பது அடுத்த முறையீடு. யு.எஸ்.பி. வட்டை இணைக்கும்போது அதன் எழுத்து டியிலிருந்து ஈ என மாறியிருக்கலாம். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் தனியே அமைந்தபோது, திருப்பதியில் வாழ்வோர் எவரும் வீடு மாறவில்லை. மாவட்டத்தின் பெயர்தான் மாறியது. இங்கும் கோப்புகள் இருந்த இடத்திலேயே உள்ளன. செயலி பழைய முகவரியில் தேடுகின்றது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தை மீண்டும் கொடுத்தாற் போதும். சியின் எழுத்தை மட்டும் தொடலாகாது.

ஸ்டீம் செயலியைப் பயன்படுத்துவோர் அதன் அமைப்புகளில் ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் அவ்வட்டை மறுபடி சேர்க்கலாம். முன்னரே இருக்கும் விளையாட்டுகளை அது கண்டுகொள்ளும். சியில் நிறுவியதை டிக்கு மாற்றவும் அச்செயலியிலேயே வழியுண்டு. கோப்புறையைக் கையால் வெட்டி ஒட்ட வேண்டுவதில்லை. ஏதேனும் கோப்பு பழுதெனத் தோன்றின், ‘வெரிஃபை’ என்னும் சோதனை பழுதானதை மட்டும் இறக்கித் தரும்.

ஆட்டம் தடுமாறினால்

நன்றாக நிறுவிய பின்னும் ஆட்டம் இடையிடையே நின்று நின்று ஓடினால், அது நிறுவலின் குற்றமன்று, இயற்பியல். நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி கொள்ளும். வேண்டிய செய்தி தலைக்கு நேரே வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி விநாடி, காத்திருத்தல் வேண்டும். தலை நகரும் நேரம் தனி. சுழலாத எஸ்.எஸ்.டி. வட்டிலோ இக்காத்திருப்பு இல்லை. பால்டர்ஸ் கேட் 3 போன்றவை எஸ்.எஸ்.டி. வேண்டும் என்றே அறிவிக்கின்றன. சுழலும் வட்டை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது வேகமாகச் சுழலப் போவதில்லை.

அழிப்பதற்கு முன்

சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் நடந்தது ஒன்று. ஆராய்ச்சி மாணவரான அண்ணன் ஒருவர் தம் வட்டில் விளையாட்டுக்கு இடம் தர இசைந்தார். இணைத்தவுடன், “இவ்வட்டைப் பயன்படுத்த ஃபார்மட் செய்தல் வேண்டும்” என்று திரையில் தோன்றியது. நண்பரின் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. “இருங்கள்! அண்ணாவின் அளவீடுகள் இதில்தானே?” என்று தடுத்தேன். வடத்தை மாற்றி, கணினியின் வேறொரு துளையில் செருகினோம். வட்டு உடனே திறந்தது. இரு பருவமழைக் காலங்களின் அளவீடுகள் அதில் இருந்தன. வேறெங்கும் படி இல்லை. அன்றிரவு விளையாட்டு நடைபெறவில்லை. படியெடுக்கும் வேலையே நடந்தது.

விரைவு ஃபார்மட் செய்வது, நூலின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. சுழலும் வட்டில் பக்கங்கள் அப்படியே கிடக்கும், மீட்கவும் வழியுண்டு. அதன் மேல் 100 ஜிகாபைட் விளையாட்டை நிறுவினால்தான் பழைய பக்கங்கள் மீது புதிய எழுத்து ஏறி, யாவும் மீளா வண்ணம் மறைகின்றன. எஸ்.எஸ்.டி. வட்டிலோ, பழைய இடங்கள் வேண்டா என்று விண்டோசே அறிவித்துவிடும். வட்டு அவற்றைத் தானே துடைத்துவிடும். அங்கு மீட்பு மிக அரிது. தவறி ஃபார்மட் செய்தவர் ஒரு கோப்பும் எழுதாமல் வட்டை உடனே கழற்றிவிடுதல் வேண்டும். புதிதாய் வாங்கிய வெற்று வட்டுக்கே ஃபார்மட் முதல் வேலை. உள்ளடக்கம் உள்ள வட்டுக்கு அது இறுதி வேலை.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் உள்ளது. அங்குள்ள பெரிய ரேடார் 53 மெகாஹெர்ட்சு அலைகளை வானில் செலுத்தி மேற்காற்றை அளக்கின்றது. ஒரு நாளின் காற்றை அந்நாளில்தான் அளக்க முடியும். விளையாட்டையோ பத்து முறையும் மீண்டும் இறக்கலாம். செலவாவது இரவும் இணையமும் மட்டுமே. நம் ஆய்வுக் குறிப்புகளும், ஊரில் எடுத்த குடும்பப் படங்களும் அந்தக் காற்றின் வகையைச் சேர்ந்தவை.

ஆகவே நண்பர்களே, விளையாடுங்கள். வேண்டா என்று கூற நான் வரவில்லை. இரண்டாம் வட்டைக் கையிலெடுத்ததும், “எவ்வளவு இடம் இருக்கிறது?” என்று கேட்பதற்கு முன், “வேறெங்கும் இல்லாதது இதில் எது இருக்கிறது?” என்று கேளுங்கள். அதற்கு ஒரு படி எடுத்த பின்னர் மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.