சூப்பர்மேன் இழுத்த ரயில்

இரண்டாமாண்டு, இயந்திரவியல் பிரிவு



"மலருக்குப் பாடம் சம்பந்தமா ஒரு கட்டுரை எழுதிக் குடுப்பா" என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டார். பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். சூரிய சக்தி, காற்றாலை, ரோபோ, தொழில்முனைவோர் ஆவது எப்படி... எல்லாவற்றையும் நமக்கு முன்னால் போனவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். அதனால் நான் கார்ட்டூன் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம்! இதில் அப்ளைடு மெக்கானிக்ஸ் இருக்கிறது, டிராயிங் இருக்கிறது, ஜிக்ஸ் அண்ட் ஃபிக்ஸ்சர்ஸ் கூட இருக்கிறது. ஒரு ஸ்ட்ரைக்கும் இருக்கிறது.

முதலில் என் கதை கொஞ்சம். போன வருஷம் எனக்கு இன்ஜினியரிங் டிராயிங்கில் அரியர் விழுந்தது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அரியர் என்றால் என்னவென்று அப்பாவுக்குப் புரிய வைக்கவே ஒரு ராத்திரி ஆயிற்று. கடைசியில் அவர், "அப்ப மறுபடியும் பணம் கட்டோணுமா?" என்று மட்டும் கேட்டார். ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் அவர். படிப்பை விட்டுவிட்டு அவரோடு போய்விடலாமா என்று கூட யோசித்தேன்.

அன்றைக்குத் தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டு கிடந்தபோதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. 'பில்லியன் டாலர் லிமிடெட்', 1942-ல் வெளிவந்த சூப்பர்மேன் கார்ட்டூன். மொத்தமே எட்டு நிமிஷம் சொச்சம். தங்கம் ஏற்றிப் போகும் ரயிலைக் கொள்ளைக்காரர்கள் மடக்குகிறார்கள். இன்ஜின் போய்விடுகிறது. சூப்பர்மேன் பெட்டிகளைக் கையால் பிடித்து மேட்டில் இழுத்துக்கொண்டு போகிறான். நடுவில் புகைக்குண்டு வேறு வீசுகிறார்கள்.

அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவன் நெசமாலுமே இழுக்கறான் கண்ணு."

"பொம்மைப்பா அது."

"பொம்மைதான். ஆனா பாரு, மொதல்ல காலை ஊனறான். அப்பறம் இடுப்பு. கை கடைசீலதான் வருது. மூட்டை தூக்கறவன் அப்படித்தான் தூக்குவான்."

அவர் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. தாளில் வரைந்த ஓர் உருவத்துக்கு எடை எப்படி வந்தது? அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதில் கிடைத்ததைத்தான் இங்கே தருகிறேன்.

யார் எடுத்தார்கள்?

டி.வி. வருவதற்கு முன்பு அமெரிக்கத் தியேட்டர்களில் மெயின் பிக்சருக்கு முன்னால் ஏழெட்டு நிமிஷக் கார்ட்டூன் ஒன்று ஓடும். டிஸ்னி, வார்னர், எம்.ஜி.எம். என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கூட்டம் வரைந்துகொண்டிருந்தது. பாரமவுண்ட் கம்பெனிக்கு வரைந்து கொடுத்தவர்கள் மாக்ஸ் ஃப்ளைஷர், டேவ் ஃப்ளைஷர் என்ற சகோதரர்கள். பாப்பாய், பெட்டி பூப் எல்லாம் இவர்கள் படங்கள்தான்.

மாக்ஸ் 1883-ல் போலந்தின் கிராகோ நகரில் ஒரு தையல்காரர் வீட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே நியூயார்க்குக்கு வந்தவர். படமும் வரைவார், மெஷினையும் பிரித்துப் போடுவார். 'பாப்புலர் சயின்ஸ்' மாதப் பத்திரிகையில் ஓவியப் பகுதிக்கு ஆசிரியராக இருந்தார். நம்ம ஜாதி என்று சொல்லலாம், டிப்ளமோ ஜாதி! 1915-ல் ரோட்டோஸ்கோப் என்ற கருவிக்கு விண்ணப்பித்து, 1917-ல் காப்புரிமை வாங்கினார். கருவி ரொம்ப எளிது. ஒரு மனிதன் நடப்பதை முதலில் ஃபிலிமில் எடுத்துக்கொள்ள வேண்டியது. அதை ஒவ்வொரு ஃபிரேமாக ஒரு கண்ணாடிப் பலகைமேல் விழச் செய்து, தாள் வைத்துக் கோடு எடுக்க வேண்டியது. முதல் மாடல், தம்பி டேவ்தான். கோமாளி உடுப்பை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் ஆடினாராம்.

சூப்பர்மேன் கதாபாத்திரம் இவர்களுடையது அல்ல. கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் உருவாக்கியது. 1938-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தது. அது பிய்த்துக்கொண்டு போகவே, பாரமவுண்ட் ஃப்ளைஷர்களிடம் கார்ட்டூன் கேட்டது. டேவுக்கு இந்த வேலையில் இஷ்டமில்லை. ஒரு படத்துக்கு 1,00,000 டாலர் ஆகும் என்று சொன்னால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்துச் சொன்னார் என்பார்கள். அவர்கள் ஓடவில்லை, பேரம் பேசினார்கள். முதல் படத்துக்கு 50,000 டாலர், அடுத்து வந்தவற்றுக்குச் சுமார் 30,000 என்று முடிந்தது. அந்தக் காலக் கார்ட்டூனுக்கு இது ரொம்பப் பெரிய தொகை. 1941 செப்டம்பர் 26-ல் முதல் படம் வெளிவந்தது. ஆஸ்கருக்கும் பரிந்துரை ஆனது. (பரிசு டிஸ்னிக்குப் போயிற்று. நாய்க்குட்டி புளூட்டோவின் படம்!) 1943 வரை மொத்தம் 17 படங்கள்.

எடை வந்த வழி

இப்போது பாடத்துக்கு வருவோம். சினிமா ஃபிலிம் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. பத்து நிமிஷப் படத்துக்கு 14,400 ஃபிரேம். பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தாலும் விநாடிக்கு 12 படம் வரைய வேண்டும்.

ஒரு கல் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஃபார்முலா s = ½gt². முதல் 6 ஃபிரேமில், அதாவது கால் விநாடியில், அது சுமார் 31 செ.மீ. இறங்கும். அடுத்த 6 ஃபிரேமில் 92. அதற்கடுத்து 153. கடைசி 6-ல் 214. ஒன்றுக்கு மூன்று, மூன்றுக்கு ஐந்து, ஐந்துக்கு ஏழு! ஓவியர் படங்களுக்கு நடுவே விடும் இடைவெளியும் இந்த மாதிரிதான் வளர வேண்டும். எல்லா இடைவெளியையும் சமமாக வைத்துவிட்டால் கல் விழாது, லிஃப்டில் இறங்குகிற மாதிரி இருக்கும். எடை என்பது கோட்டின் தடிமனில் இல்லை. இந்தப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே விடுகிற இடத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு நான் மெக்கானிக்ஸ் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பரீட்சைக்காக இல்லை.

ரயிலுக்கு வாருங்கள். நிற்கிற பெரிய நிறையை இழுத்தால் முடுக்கம் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆகவே முதல் சில படங்களில் ரயில் நகர்ந்ததே தெரியக் கூடாது. இழுக்கிறவன் மட்டும் முன்னால் சாய வேண்டும். ஏன் சாய வேண்டும்? ஃப்ரீ பாடி டயகிராம் போட்டுப் பாருங்கள். பின்னாலிருந்து பளு இழுக்கிற இழுப்பு, பாதத்தைச் சுற்றி அவனை மல்லாக்கத் தள்ளப் பார்க்கிறது. அந்த மொமென்ட்டைச் சமன் செய்ய அவனிடம் இருப்பது சொந்த எடை ஒன்றுதான். அதைப் பாதத்துக்கு முன்னால் கொண்டுபோனால்தான் நிற்க முடியும். பளு ஏற ஏறச் சாய்வும் ஏறும். அப்பா ஊகித்துச் சொல்லவில்லை, முப்பது வருஷமாகத் தினமும் செய்வதைச் சொன்னார். (நிஜக் கணக்குப் போட்டால் ஓர் ஆள் எடைக்கு ரயில் அசையாது, கால்தான் வழுக்கும். அதை ஃப்ளைஷர்கள் கண்டுகொள்ளவில்லை. நாமும் விட்டுவிடுவோம்.)

இந்தப் பதினேழு படங்களும் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். இப்போது வரும் படங்களில் ஹீரோ ஒற்றை விரலில் மலையைத் தூக்குகிறார். இதில் சூப்பர்மேன் கஷ்டப்படுகிறான். முதல் படத்தில் விஞ்ஞானி ஒருவன் அனுப்பும் கதிரை, ஒவ்வொரு குத்தாகக் குத்திப் பின்னுக்குத் தள்ளுகிறான். 'மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸ்' படத்தில் கொதிக்கும் உலோகக் குழம்பு லோயிஸ் லேன்மேல் விழாமல் தன் அங்கியால் மறைக்கிறான். ட்ரிபிள் ஈ நண்பர்களுக்கு நான் சொல்வது 'மேக்னெட்டிக் டெலஸ்கோப்'. வால்நட்சத்திரத்தைக் காந்தத்தால் இழுத்து விளையாடிய ஒரு விஞ்ஞானியால் ஊரே அழியப் போகிறது. கரண்ட் ஒயர் அறுந்து கிடக்கிறது. சூப்பர்மேன் இரண்டு முனைகளையும் கையில் பிடித்துத் தானே சர்க்யூட்டை முடித்து வைக்கிறான். லேபில் யாரும் முயல வேண்டாம்!

பறப்பதும் இந்தப் படங்களோடு சேர்ந்து வந்த விஷயம்தான். முதல் காமிக்ஸில் அவனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு பங்கு மைல், அதாவது சுமார் 200 மீட்டர் தாவுவான், அவ்வளவுதான். தாவித் தாவி இறங்குவதை வரைந்து பார்த்தால் தத்துக்கிளி மாதிரி இருந்ததாம். பறக்க விட்டுவிட்டார்கள்.

மேஜையில் நடந்தது

தலைமை ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். கால் ஊனுவது ஒன்று, இழுத்து முடித்தது ஒன்று. நடுவில் வரவேண்டிய படங்களைப் போடுபவர்கள் 'இன்பிட்வீனர்' என்ற இளைஞர்கள். அதன் பிறகு ஒருவர் அதைச் செல்லுலாய்டு தாளில் மையால் நகல் எடுப்பார், இன்னொருவர் பின்பக்கம் வண்ணம் பூசுவார். இந்த இரண்டு வேலையிலும் பெண்கள்தான் அதிகம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நூலளவு தள்ளினாலும் திரையில் உருவம் நடுங்கும். அதற்காகத் தாளின் அடியில் துளை போட்டு, மேஜையில் பதித்த முளைகளில் மாட்டி வரைவார்கள். நம் ஃபிக்ஸ்சரில் உள்ள லொகேட்டிங் பின்னேதான்! அதே முளை கேமரா மேஜையிலும் இருக்கும்.

கேமராவில் இன்னொரு கூத்து. அன்றைய டெக்னிகலர் கார்ட்டூன்களில் ஒவ்வொரு ஃபிரேமையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஃபில்டர் போட்டுக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அடுத்தடுத்து மூன்று முறை எடுப்பார்கள். 14,400-ஐ மூன்றால் பெருக்குங்கள். 43,200 கிளிக். ஒன்று தவறினாலும் வண்ணம் பிசகும்.

இவ்வளவு பேர் கைபட்ட படத்தில், திரையில் வரும் ஓவியர் பெயர்கள் இரண்டே இரண்டு. மற்றவர்கள் யாரென்று தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் பேரவை மலருக்கு உரிய விஷயம் வருகிறது. இதே ஃப்ளைஷர் ஸ்டுடியோவில் 1937 மே மாதம் ஸ்ட்ரைக் நடந்தது. அமெரிக்கக் கார்ட்டூன் தொழிலில் முதல் பெரிய ஸ்ட்ரைக் அது. இறங்கியவர்களில் பெரும்பாலோர் இன்பிட்வீனர், நகல் எடுப்பவர், வண்ணம் பூசுபவர் என்று கடைசிப் படியில் இருந்தவர்கள். அக்டோபர் வரை நின்றார்கள். கம்பெனி சங்கத்தை அங்கீகரித்தது. மறு வருஷமே, 1938-ல், ஸ்டுடியோவைச் சங்கங்களுக்கு வலு இல்லாத ஃப்ளோரிடாவுக்கு, மயாமி நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள்! சூப்பர்மேன் வரையப்பட்டது அங்கேதான். தையல்காரர் மகன் முதலாளியானதும் இப்படிச் செய்தாரே என்று எனக்கு வருத்தம்தான். கொஞ்ச நாளில் அவரும் இழந்தார். கடன், அண்ணன் தம்பி சண்டை... 1941-ல் ஸ்டுடியோ பாரமவுண்ட் கைக்குப் போனது, அடுத்த வருஷத்துக்குள் இருவரும் வெளியே. ஒன்பது படம் ஃப்ளைஷர் பெயரில், மிச்சம் எட்டு 'ஃபேமஸ் ஸ்டுடியோஸ்' பெயரில்.

சீகல், ஷஸ்டர் கதை அதைவிட மோசம். உரிமை முழுவதையும் 1938-ல் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள், பயனில்லை. 1975-ல்தான் வருஷத்துக்கு ஆளுக்கு 20,000 டாலரும், பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. உலகத்திலேயே பலசாலியைப் படைத்தவர்களுக்கு 37 வருஷம் ஆகியிருக்கிறது.

எல்லாப் படத்தையும் நான் புகழ மாட்டேன். பின்னால் வந்த எட்டில் யுத்தப் பிரசாரம் புகுந்துவிட்டது. 1942 செப்டம்பரில் வந்த 'ஜப்போட்டியர்ஸ்' ஜப்பானியரைக் கேவலமாகக் காட்டுகிறது. அதே வருஷம்தான் அமெரிக்காவில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை, அவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டுக் குடிமக்கள், வீட்டிலிருந்து பிடுங்கி முகாம்களில் அடைத்தார்கள். 'ஜங்கிள் டிரம்ஸ்' படத்தில் காட்டுவாசிகளைக் காட்டியிருப்பதும் அப்படித்தான். வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் படைத்த ஹீரோவை வைத்தே இதைச் செய்திருக்கிறார்கள். கோடு நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை ஒப்புக்கொள்ள முடியாது.

பிற்காலத்தில் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் இந்தப் பதினேழு படங்களும் பொதுச் சொத்தாகிவிட்டன. காசு கொடுக்காமல் பார்க்கலாம். ஜப்பானிய இயக்குநர் மியசாகியின் 1986 படம் 'லாபுடா'வில் வரும் ரோபோவையும் 'மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸ்' ரோபோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டிராயிங் அரியரை இந்த வருஷம் கிளியர் செய்துவிட்டேன். அதற்கும் சூப்பர்மேனுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்டால், மினி டிராஃப்டரைப் பிடிக்கும்போது முளையில் மாட்டிய தாள் ஞாபகம் வந்ததென்னவோ நிஜம். இப்போது மெக்கானிக்ஸ் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஓர் ஆளை வரைந்துகொண்டிருக்கிறேன். குனிந்து ஒரு மூட்டையைத் தூக்கி முதுகில் ஏற்றுகிற மாதிரி, 24 பக்கம். வேகமாகப் புரட்டி அப்பாவிடம் காட்டினேன்.

"மூட்டையில பஞ்சா வெச்சிருக்கறே?" என்றார்.

முதல் ஏழெட்டுப் பக்கத்தை அழித்துவிட்டு மறுபடி வரைகிறேன்.