சிரசாசனம்: எவர்க்கு, எவ்வாறு?

நாங்குநேரி வானமாமலைப் பெருமாளுக்கு நாள்தோறும் எண்ணெய்க்காப்பு நிகழ்கின்றது. அவ்வெண்ணெய் திருக்கோயிலில் உள்ள கிணற்றில் சேர்க்கப்பெற்று, பிணி தீர்க்கும் மருந்தாக அன்பர்களால் போற்றப்படுகின்றது. அதனைப் பெற வந்த, அறுபது வயதைக் கடந்த அன்பர் ஒருவர், "இந்த வயதில் நான் சிரசாசனம் பழகலாமா?" என வினவினார். அவர்தம் வினாவிற்குரிய விடையைத் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

வானமாமலைப் பெருமாளைப் பாடிய நம்மாழ்வாரின் திருத்தலம், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி. நாதமுனிகள் நாலாயிரத்தையும் ஆழ்வாரிடம் பெற்றார் என்பது குருபரம்பரைச் செய்தி. அவர் யோகத்திலும் வல்லவர். அவர்தம் மரபினராகிய திருமலை கிருஷ்ணமாச்சார்யர் தமது 16ஆம் வயதில் ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தை நாடி வந்தார். ஆங்கே மெய்ம்மறந்த நிலையில், 'யோக ரகசியம்' என்னும் நூலை நாதமுனிகளே உபதேசிக்கக் கேட்டதாகப் பின்னாளில் உரைத்தார். மைசூரில் இளைஞர்க்குக் கடினமான ஆசனங்களைக் கற்பித்த அப்பெரியவரே, பின்னர்ச் சென்னையில் முதியோரையும் நோயுற்றோரையும் தனித்தனியே ஆராய்ந்து, அவரவர் வயதிற்கும் வலிமைக்கும் ஏற்றதையே அளித்தார். நூறாண்டு வாழ்ந்து 1989இல் மறைந்தார்.

அவர்தம் மாணாக்கர் பி.கே.எஸ். ஐயங்கார், 1958ஆம் ஆண்டில், எண்பதைக் கடந்த பெல்ஜியம் நாட்டு அரசியார் எலிசபெத்திற்குச் சிரசாசனம் பயிற்றினார். இதனைப் படித்துவிட்டு நாளைக் காலையே தலைகீழாக நிற்க முனைதல் வேண்டா. அரசியாரின் அருகில் ஐயங்கார் இருந்தார். நம் அருகில் யார் இருக்கிறார்?

சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகம் பயின்றோரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் இருமடங்காகின்றது, எவ்வயதினர்க்கும் அவ்வாறே. ஆதலின் கண் நீர் அழுத்த நோய், விழித்திரைக் குறை, உயர் இரத்த அழுத்தம், இதயநோய், கழுத்தெலும்புத் தேய்வு, எலும்பு மெலிவு ஆகியவை உடையோர் இவ்வாசனத்தை விலக்குக. கருவுற்ற மகளிர்க்கும் இது ஆகாது. நாற்பதைக் கடந்தோர் மருத்துவரைக் கண்ட பின்னரே ஆசிரியரை நாடுதல் நலம்.

வெறும் வயிற்றோடு செய்தல் வேண்டும். புளியோதரைப் பிரசாதம் உண்ட அன்பர்கள் நான்கு மணி நேரமேனும் பொறுத்திருப்பார்களாக! நான்காக மடித்த போர்வையைச் சுவரோரம் விரித்து, முழங்கைகளைத் தோளளவு இடைவெளியில் ஊன்றி, விரல்களைக் கோத்து, உச்சந்தலையைப் போர்வையில் பதித்து, பின்தலையைக் கைகளால் அணைக்க வேண்டும். உடலின் பாரத்தை முன்கைகளே பெரிதும் தாங்க வேண்டும். பலரும் பிழைபடும் இடம் இதுவே. பாரம் முழுதும் கழுத்தில் இறங்கினால் தீங்கு நேரும். மெத்தையும் தலையணையும் உதவா; அவற்றில் தலை நிலைகொள்ளாது. தொடக்கத்தில் சில வாரங்கள் கால்களைத் தரையினின்று எடுக்காமலே, இடுப்பை மட்டும் உயர்த்திப் பழகுக. பின்னர் ஆசிரியர் துணையோடு, முழங்கால்களை மடித்தவாறு மெல்ல எழுப்புக; துள்ளி எழுதல் கூடாது.

முதல் நாள் ஒரு கணம், பின்னர் நாள்தோறும் சிறிது கூடுதலாக என்பது தலைகீழ் நிலைக்கு ஹடயோகப் பிரதீபிகை வகுத்த முறை. ஞாயிறுதோறும் கால் மணி நேரம் நிற்பதினும் நாள்தோறும் பத்து மூச்சளவு நிற்பது மேல். கழுத்து வலித்தாலும், கை மரத்தாலும், கண் இருண்டாலும் உடனே இறங்கிவிடுக. இறங்கியதும் எழுந்து நின்றால் தலை சுற்றும்; நெற்றியைத் தரையில் வைத்துச் சற்றே இளைப்பாறுக. சில நாள் விட்டுப்போயின், விட்ட இடத்தினின்று தொடராமல் குறைந்த அளவினின்று மீளத் தொடங்குக.

வினவிய அன்பரை முதலில் கண் மருத்துவரைக் காணுமாறு கூறினோம். அவர்க்குக் கண் நீர் அழுத்தம் மிகுந்திருந்தமை அப்பொழுதுதான் வெளிப்பட்டது. இப்பொழுது மருந்து இட்டு வருகிறார். சிரசாசனம் அவர்க்கு இல்லை. மருத்துவர் இசைவுடன், தரையில் மல்லாந்து படுத்துக் கால்களை நாற்காலியின்மேல் வைத்து, நாள்தோறும் காலையில் மூச்சை எண்ணி வருகிறார்.