கரண்ட் இல்லாமல் குளிர்விக்கும் துணி

அக்னி நட்சத்திர வெயிலில் கோயில் கருங்கல் தரையை வெறுங்காலோடு தாண்டியவர்களுக்குத் தெரியும், வெள்ளைப் பெயிண்ட் அடித்த பட்டையில்தான் கால் வைக்க முடியும். அதற்கு ஃபேனும் இல்லை, கரண்டும் இல்லை. வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். துணியையும் இப்படிச் செய்யலாமா?

சும்மா உட்கார்ந்திருந்தாலே நம் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. கண்டக்ஷன், கன்வெக்ஷன், ரேடியேஷன், வியர்வை என நாலு வழி. இதில் ரேடியேஷனை நாம் கண்டுகொள்வதே இல்லை. தோலிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரின் உச்சம் சுமார் 9.5 மைக்ரான். பருத்தி அதை விழுங்கிவிடும். பாலிஎத்திலீன், அதாங்க, நம்ம பாலிதீன் கவர் சரக்கு, அதை அப்படியே வெளியே விடும். ஆனால் ஆளும் தெரிவாரே! 2016-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யி சூயி குழுவினர், 50 முதல் 1000 நானோமீட்டர் வரை துளைகள் உள்ள ஷீட்டை எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400–700 நானோமீட்டர். துளையும் ஏறக்குறைய அதே அளவு என்பதால் ஒளி சிதறி, ஷீட் வெள்ளையாகத் தெரியும். அகச்சிவப்புக்கு அந்தத் துளை பொடிசு, தாண்டிப் போய்விடும். தோல் மாதிரிச் சூடாகும் கருவியில் போர்த்தியபோது பருத்தியைவிட 2.7 டிகிரி குறைவு. காற்றும் வியர்வையும் போகும்படி பக்குவம் செய்த பிறகு 2 டிகிரி.

இது அறைக்குள் சரி. 40 டிகிரி வெயிலில்? தோல் சுமார் 35 டிகிரி. ரோடும் சுவரும் அதைவிடச் சூடு. கதிர் உள்ளேதான் வரும். வெயிலுக்கென்றே 2021-ல் சீனாவில் டைட்டானியம் டை ஆக்சைடு (வெள்ளைப் பெயிண்டில் இருப்பதும் இதுதான்) கலந்த இழையில் ஒரு துணி செய்தார்கள். வெயிலில் 92 சதவீதத்தைத் திருப்பிவிடும். தன் சூட்டை 8–13 மைக்ரான் கதிராக வானத்துக்கு அனுப்பும். பருத்தி போட்டதைவிட உடம்பு சுமார் 4.8 டிகிரி குறைவு. இதற்கான தாது இல்மனைட் நம்ம மணவாளக்குறிச்சி மணலிலேயே இருக்கிறது.

அது நம் கடைக்கு வரும்வரை வியர்வைதான் கதி. 1 கிராம் ஆவியாக சுமார் 2.4 கிலோஜூல், மணிக்கு அரை லிட்டர் காய்ந்தால் 330 வாட் போகும். கட்டிட வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை போடுவார்கள், எங்கம்மாவும்தான். பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. வெயில் தோலில் படாது, நல்ல யோசனைதான். ஆனால் சட்டை பாலியஸ்டரானால் கெட்டது. பருத்தி தன் எடையில் 8 சதவீதம் ஈரம் பிடிக்கும், பாலியஸ்டர் 0.4 மட்டுமே. வீட்டிலேயே சோதிக்கலாம்: துவைத்த பழைய சட்டைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே பரவினால் வேலைக்கு ஆகும். முத்தாக நின்றால் அதைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொண்டு, வெளிர் நிறத்தில் லூசான பருத்திச் சட்டையை வேலைக்குக் கொடுங்கள்.