கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் அஞ்சல்பெட்டி மீளாது

யுனிக்ஸ் வகைச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் பயனர், கட்டளைத் திரையில் பழகாதவராயினும், தம் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் அமைப்புகளையும் நிர்வாகியை எதிர்பாராமல் உலாவி வழியே தாமே மாற்றிக்கொள்ள உதவும் கருவிகளுள் யூஸர்மின் குறிப்பிடத்தக்கது. ஜேமி கேமரன் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட வெப்மின், சர்வர் முழுவதையும் ஆளும் நிர்வாகிக்கு உரியது. அதன் துணைக்கருவியான யூஸர்மினோ, உள்நுழைந்தவருக்குச் சர்வரில் உள்ள அனுமதிகளுக்கு உட்பட்டே பெரும்பாலும் செயல்படுகிறது. ஆதலால், கடவுச்சொல் மாற்றும் வசதி ஒன்றுக்காகப் பயனர்களுக்கு வெப்மின் நுழைவைத் தருவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

கடவுச்சொல் பக்கம் பார்வைக்கு எளியது. ஆனால் ஆபத்து மிக்கது. கடவுச்சொற்கள், திரும்ப மீட்க இயலாத கணித உருவாக ‘ஷேடோ’ என்னும் கோப்பில் வைக்கப்படுகின்றன. அதில் எழுதும் உரிமை முழு அதிகாரம் படைத்த ‘ரூட்’ கணக்குக்கே உண்டு என்பதால், அப்பக்கம் எங்கேனும் ஓரிடத்தில் ரூட் அதிகாரத்தைத் தொட்டே ஆக வேண்டும். 2018ஆம் ஆண்டு வெப்மினின் பதிப்புகளை உருவாக்கும் கணினிக்குள் ஊடுருவியவர்கள், கடவுச்சொல் மாற்றும் நிரலிலேயே பின்வாசல் ஒன்றை ஒளித்துவைத்தனர். அதனால் 1.890 பதிப்பு, நிறுவிய நிலையிலேயே தாக்குதலுக்கு உள்ளாகக்கூடியதாக இருந்தது. 2019 ஆகஸ்டில் இது அம்பலமான பின்னரே 1.930 பதிப்பு வந்து சீர்செய்தது. இத்தகைய கருவியின் போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்துவைக்காமல், அலுவலக வலையமைப்புக்கோ விபிஎன் இணைப்புக்கோ மட்டும் அனுமதிப்பதே முறை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

எனினும், நடைமுறையில் மிகுதியான இழப்பு நேர்வது அஞ்சல் அமைப்புப் பக்கத்தால்தான். ஒருவருடைய கடவுச்சொல்லைத் திருடியவர் முதலில் செய்வது, அவருக்கு வரும் அஞ்சல்களின் நகல் வேறொரு முகவரிக்குத் தானே போகும்படி ஃபார்வர்டு விதி ஒன்றை எழுதிவைப்பது. அவ்விதி பயனரின் வீட்டு அடைவில் ‘டாட் ஃபார்வர்டு’ கோப்பிலோ, அஞ்சலைத் தரம்பிரிக்கும் புரோக்மெயில் விதிகளிலோ பதிந்துகிடப்பதால், பின்னர் கடவுச்சொல் எத்தனை முறை மாறினாலும் அது அசையாமல் தொடர்ந்து வேலைசெய்யும். இக்கோப்புகள் அஞ்சல் வந்தவுடன் ஒரு நிரலை இயக்கவும் வல்லவை என்பது இன்னும் கவலைக்குரியது. ஆகவே, கணக்கு பறிபோனதாக ஐயம் எழுந்தால், நம்பத்தக்க வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளை நிர்வாகியைக் கொண்டு துண்டித்த பின், ஃபார்வர்டு முகவரி, வடிகட்டும் விதிகள், தானியங்கிப் பதில், எஸ்எஸ்எச் நுழைவுக்கான சாவிகள், குறித்த நேரத்தில் இயங்கும் கிரான் பணிகள் ஆகிய அனைத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றியதோடு நிம்மதி அடைபவர்களின் அஞ்சல்கள்தாம் மாதக்கணக்கில் கசிகின்றன.

பயனரே விரும்பி அமைக்கும் ஃபார்வர்டிலும் ஒரு சிக்கல் உண்டு. எந்தச் சர்வர்கள் தன் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று ஒரு டொமைன் அறிவிக்கும் ஏற்பாடு எஸ்பிஎஃப் எனப்படும். இடையில் ஒரு சர்வர் அஞ்சலை அப்படியே வேறிடத்துக்குத் தள்ளும்போது, பெறும் சர்வர் அந்த இடைச் சர்வரையே அனுப்புநராகக் காண்பதால், நேர்மையான அஞ்சலும் நிராகரிக்கப்படலாம் அல்லது ஸ்பேம் பெட்டிக்குள் விழலாம். எனவே ஃபார்வர்டு அமைக்கும்போது உள்ளூர் அஞ்சல்பெட்டியிலும் ஒரு நகலை நிறுத்திக்கொள்வது தவிர்க்கலாகாதது.

கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன்னர்க் கைப்பேசியில் அக்கணக்கின் ஒத்திசைவை நிறுத்திவிடுவதும் நன்று. இல்லையெனில் பழைய சொல்லையே கைப்பேசி இடைவிடாது முயல, தவறான முயற்சிகளை எண்ணித் தடைபோடும் ஃபெயில்டுபேன் போன்ற காவல் நிரல், ஒரே இணைய முகவரியைப் பகிரும் அலுவலகம் முழுவதையும் அஞ்சலிலிருந்து விலக்கிவிடும்.